என் முறை வந்தபோது பல்வலி

1937 ஜூலை 8, வியாழன்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் யாரோ ஈர வேட்டியைக் காயப்போட்ட மாதிரி மேகம். கோர்ட்டுக்குப் போனேன், வந்தேன். கட்சிக்காரர் ஒருவர். அவரும் நேற்று மறந்துவிட்டுப் போன குடையைத் தேடி வந்தவர்.

செய்யவேண்டியவை:
1. என் குடைக்குக் கம்பி.
2. வக்கீல்கள் அறையில் ‘காங்கிரஸ்காரர்கள் மந்திரிசபை ஏற்பார்களா, மாட்டார்களா’ பேச்சில் சிக்காமலிருப்பது. (இன்று சிக்கினேன். ஒன்றரை மணி.)
3. மதராஸுக்குக் கட்டுரை.

மூன்றாவதுதான் தொல்லை. நான் படித்த காலேஜில் மலர் போடுகிறார்களாம். “கல்லூரி நாட்களில் நான் எப்படி மாறினேன்” என்று மூன்று பக்கம் வேண்டும், ‘தங்களுக்கே உரிய நகைச்சுவையோடு’. வாரப் பத்திரிகையில் மூக்குப்பொடி மாமா கதைகள் எழுதுகிறவன் என்பதால் வந்த வினை. காலேஜில் நான் வாங்கின மார்க்குகளைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

பட்டியல் போட்டுப் பார்த்தேன்.

1913-ல் போனவன்: தகரப்பெட்டி, நெய் ஜாடி, நாரத்தங்காய் ஊறுகாய், நாலு வேட்டி, குடுமி. காப்பி குடித்தால் கண் போய்விடும் என்ற நம்பிக்கை. ‘ஏலே’ போடாமல் யாரையும் கூப்பிடத் தெரியாது.

1917-ல் வந்தவன்: காப்பி குடிக்காவிட்டால் கண் திறக்காது. சட்டைக்குக் காலர். இங்கிலீஷில் கோபப்படத் தெரியும். பி.ஏ., இரண்டாம் தடவையில். குடுமி, போனபடியே.

கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது. குடுமி என்றால் சங்கரலிங்கம் ஞாபகம். அவன் இலஞ்சி, நான் தென்காசி. ஹாஸ்டலில் ஒரே அறை. 1915-ல் இரண்டு பேருமாகக் கிராப் வைத்துக்கொள்வதென்று சபதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டலுக்குப் பின்தெரு சலூன். ஒரே நாற்காலி. காசைச் சுண்டிப் போட்டதில் முதல் முறை அவனுக்கு. கத்தரி ஒரு தடவை கடித்தது. குடுமி தரையில் அடிபட்ட அணில் மாதிரி கிடந்தது. எழுந்தான், தலையைத் தடவினான், “அடுத்தது நீ, உக்காருலே” என்றான். எனக்குப் பல்வலி வந்துவிட்டது. எந்தப் பல் என்று கேட்டான். இரண்டு தடவை கேட்டான், இரண்டு வெவ்வேறு பல்லைக் காட்டினேன்.

(பிற்பாடு என் குடுமி தானாகவே போயிற்று. இப்போது மேலே வெட்டவெளி. காதுக்குக் காது பின்பக்கமாக ஒரு வேட்டிக்கரை அளவு முடி. அதற்கும் எண்ணெய் தேய்த்துச் சீவுகிறேன். என் சம்சாரம் சிவகாமி பார்க்காத சமயத்தில்.)

இதை மலருக்கு எழுதலாம். ஆனால் எழுதினால் அதற்கப்புறம் நடந்ததையும் எழுத வேண்டும். பேனாவை மூடினேன்.

சாயங்காலம் இலஞ்சி ஆறுமுகம் அண்ணாச்சி வந்தார், கல்யாணத்துக்குச் சொல்ல. சங்கரலிங்கத்தின் அக்காள் கோமதியின் புருஷர். பேச்சுக்கு ஒரு சிட்டிகை, மௌனத்துக்கு இரண்டு சிட்டிகை பொடி. என் மூக்குப்பொடி மாமா யார் என்று இந்த டயரிக்கு மட்டும் சொல்லலாம்: சாட்சாத் இவரே.

“வள்ளிக்கு முடிச்சாச்சு தம்பி. புதன்கிழமை. ஆனி கடைசி முகூர்த்தம், விட்டா ஆவணிதான். வீட்டோட வரணும்.”

வருகிறோம் என்றேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். பொடி.

“அவன் வந்திருக்கானாம்லா.”

“யாரு அண்ணாச்சி?”

“ஒம்ம சிநேகிதன். கொழும்புலேருந்து. அவன் சம்சாரத்துக்கு ஒடம்பு சொகமில்ல, அருவிக்காத்து படட்டும்னு குத்தாலத்துல வீடெடுத்திருக்கான். கோமதி போய் அழுதுட்டு வந்தா. சீல குடுத்தனுப்புதேன், நான் வரமாட்டேங்கான்.”

பொடி.

“பொண்ணுக்குத் தாய்மாமன்தானே மாலையப் போட்டுக் கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும்.”

“ஒண்ணுவிட்ட மாமன் யாரையாவது...”

“வேற ஆளுக்கு நான் சொல்லல” என்றார். போய்விட்டார்.

இரண்டு வாழைப்பழமும் தும்மலும் மிச்சம்.


ஜூலை 9, வெள்ளி

கோர்ட்டில் வேலையில்லை என்பதைக் கோர்ட்டுக்குப் போய் உறுதிசெய்துகொண்டு, மாடசாமியின் ஒற்றைமாட்டு வண்டியில் குற்றாலம். வழியெல்லாம் எதிரே வருகிறவர்களிடம் ஒரே கேள்வி, “தண்ணி விழுதா?” எல்லாரும் தாங்களே திறந்துவிட்ட மாதிரி, “விழுது, விழுது.”

சங்கரலிங்கம் வாசலிலேயே நின்றான். ஏழு வருஷமாயிற்று, மதராஸில் கடைசியாகப் பார்த்து. கிராப் முழுக்க வெள்ளி. ஒரு முடி உதிரவில்லை, பாவி.

“ஏலே, தலைய எங்கலே வச்சுட்டு வந்தே?” என்றான். பிறகு கட்டிக்கொண்டான். கற்பூர வாசனை, தைல வாசனை. அவனுக்கு வயது 43, எனக்கு 42. அவன் சம்சாரம் சிரித்தாள்: “ரெண்டு கெழடும் வாசல்லயே நின்னா எப்பிடி?”

எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்கு. படியில் உட்கார்ந்து பேச்சு. மலர் விஷயம் சொன்னேன்.

“நீ ஒன்றரை வருஷம்தானே காலேஜ்ல இருந்தே. ஒனக்கு என்னலே ஞாபகம் இருக்கு?”

யோசிக்கவேயில்லை. “அந்த நாற்காலி. உக்காரும்போது சின்னப்பய. எந்திரிக்கும்போது ஆளு. அதுக்குப் பொறவு அங்கன படிக்க என்ன இருந்துது?”

நல்ல வாக்கியம். மலருக்குத் திருடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு கேவலமான பிறவி.

கல்யாணப் பேச்சை எடுத்தேன். முகம் மாறிவிட்டது.

“அந்த மனுசன் வீட்டு நடைய நான் மிதிக்கமாட்டேன். அக்கா அழுதா, எனக்கும் ஆகல. ஆனா மிதிக்கமாட்டேன். ரெண்டு நாளு நம்ம ரூம்ல படுத்துக் கெடந்தாரு, நம்ம சோத்தத் தின்னாரு, எந் தலையத் தொட்டு ‘யார்ட்டயும் சொல்லமாட்டேன் மாப்பிள’ன்னாரு. ஊருக்கு வந்து மொத வேலையா எங்கப்பாட்ட போய் ஊதிட்டாரு. ஒனக்குத் தெரியாதாலே?”

தெரியாதா!

எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது. நல்லவேளை.

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். யாரும் பார்க்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். சங்கரலிங்கத்தின் அப்பாவிடம் சொன்னது ஆறுமுகம் அண்ணாச்சி இல்லை. நான்.

கிராப் வெட்டிய பிறகு, லீவில் ஊருக்குப் போக பயந்து, சங்கரன் நாடகக் கம்பெனி ஆள் ஒருவரிடம் சவரிமுடி வாங்கினான். சீதை வேஷத்துக்கு வைத்திருந்த முடி. அதைக் கிராப்போடு சேர்த்துக் கட்டினால் குடுமி. அப்பா எதிரில் மட்டும் கட்டிக்கொள்வது என்று திட்டம். அந்தச் சமயம்தான் ஆறுமுகம் அண்ணாச்சி ஏதோ அப்பீல் கேஸுக்காக மதராஸ் வந்து எங்கள் அறையில் தங்கினார், கிராப்பைப் பார்த்தார், சொல்லமாட்டேன் என்றார். அவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று, என் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். சிரிப்பாக எழுத வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. “இலஞ்சிக்கு வரப்போவது சங்கரன் பாதி, சீதை பாதி. யாராவது வில்லை ஒடிக்க வந்துவிடப் போகிறார்கள்” என்று ஒரு வரி. எழுதிவிட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்பாவுக்குக் கடிதம் என்பது வாயால் படிக்கிற சாமான். எங்கள் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான். பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவன் மனசுக்குள் படித்தால் ஏதோ மறைக்கிறான் என்று அர்த்தம். தபாலாபீஸில் கடிதத்தை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினவர், மகன் சமத்தைக் காட்ட, உடைத்த கையோடு உரக்கப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் அவருடைய ஆப்த நண்பர், சங்கரலிங்கத்தின் அப்பா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்களாம். சீதை வரியில் அப்பாவின் வாய் நிற்கவில்லை. கண்ணுக்கு முன்னாலேயே வாய் போய்விட்டது.

பத்து நாள் கழித்து நாங்கள் ரயிலிறங்கினபோது தென்காசி ஸ்டேஷனில் இரண்டு அப்பாக்களும். என் அப்பா என்னைப் பார்க்கவில்லை, சிக்னலைப் பார்த்தார். அவன் அப்பா மகன் தலையில் கை வைத்தார், ஆசீர்வாதம் செய்கிறவர் மாதிரி. சவரி கையோடு வந்தது. நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். அதோடு அவன் படிப்பு சரி. ஒரு மாதத்தில் கொழும்புக் கப்பல்.

யார் சொன்னது என்று அவன் அப்பா சாகிறவரை சங்கரனிடம் சொல்லவில்லை. என் அப்பா என்னிடம் மட்டும் சொன்னார்: “நல்லாத்தாம்லே எழுதுதே. எனக்கு இனிமே எழுதாத.” இரண்டு பேரும் போய்விட்டார்கள். மிச்சமிருக்கிற ஒரே சாட்சி நான். நானே முதல் எதிரி.


ஜூலை 10, சனி

சொல்லிவிடுவதென்று முடிவு. புதன்கிழமைக்கு நாலு நாள்தான்.

இடம்: பேரருவி. காரணம்: முகத்தைப் பார்க்க வேண்டாம்.

அருவிக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மண்டையில் ஆயிரம் பேர் குட்டுகிற மாதிரி தண்ணீர். “ஏலே சங்கரா, ஒங்கப்பாட்ட சொன்னது நாந்தாம்லே!” என்று கத்தினேன்.

“என்னது?”

“நாந்தாம்லே!”

“ஆமாலே, நல்லா விழுது!” என்றான், ஆனந்தமாக.

வெளியே வந்து தலை துவட்டும்போது மறுபடி வாயைத் திறந்தேன். ஒரு குரங்கு என் வேட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. துண்டோடு நிற்கிறவன் செய்கிற வாக்குமூலத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

வாங்கினது: மங்குஸ்தான் ஒரு டஜன், நல்லெண்ணெய், வேட்டி (புதிது).

வீட்டில் சிவகாமியிடம் சொன்னேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. மங்குஸ்தானை உரித்துக்கொண்டே கேட்டாள். சிரிக்கவில்லை, திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“ஊர்ல உள்ளவங்க மூக்கையெல்லாம் எழுதுதீங்க. ஒங்க மூக்க எப்பமாவது எழுதினீங்களா?”

“சொல்லத்தான் போனேன். அருவி...”

“அருவி அங்கதான் கெடக்கும். கலியாணம் புதன்கிழமை.”

பழத்தை என்னிடம் நீட்டினாள். ஒரு சுளை குறைத்து.


ஜூலை 11, ஞாயிறு

முதலில் பாதிக்கப்பட்டவரிடம் என்பது சட்டம். (எந்தச் சட்டம் என்று தெரியவில்லை. பயந்தவன் சட்டம்.) இலஞ்சிக்குப் போனேன்.

பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தென்னங்கீற்று, வாழைமரம், ஐந்து பேர் ஐந்து யோசனை. “கெழக்க இன்னும் ரெண்டு முழம் இழுடே!” “இழுத்தா குளத்துக்குள்ளதான் போவும்!” ஆறுமுகம் அண்ணாச்சி ஓரமாகத் தேங்காய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, நானும் ஒரு தேங்காயைத் தட்டிக்கொண்டே, சொல்லிவிட்டேன். வண்டி, கடிதம், சீதை, எல்லாம். தேங்காயைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் அடுத்த தேங்காயை எடுத்தார். தட்டினார்.

“தெரியும்.”

“என்னது அண்ணாச்சி?”

“மாமா கண்ண மூடுததுக்கு முந்தின வாரம் சொன்னாரு. நான்னு நெனச்சுத்தான் சங்கரன் பேசாம இருக்கான்னு அவருக்கு மனசு கேக்கல.”

சங்கரன் அப்பா 1921-ல் செத்தவர். பதினாறு வருஷம்!

“அப்பா காரியத்துக்கு வந்தானே. அப்பமே அவன்ட்ட சொல்லிருக்கலாமே?”

பொடி. இந்தத் தடவை சிட்டிகை பெரிது.

“சொல்லிருக்கலாம். அப்பம் அவனுக்கு என்ன தம்பி மிஞ்சிருந்துது? படிப்பு போச்சு. அப்பா போயிட்டாரு. அந்நிய ஊரு. மாசம் ஒரு காயிதம் ஒமக்கு எழுதுவான், நீரு பதில் போடுவேரு, அதப் படிச்சுச் சிரிப்பான்னு கோமதிட்ட சொல்லிருக்கான். நான் அவனுக்கு அத்தான். பேசினாலும் அத்தான், பேசாட்டாலும் அத்தான். அத மாத்த முடியாது. சிநேகிதன் அப்பிடியா? போனா போனதுதான்.”

தேங்காய் கை தவறி உருண்டுபோயிற்று. எடுக்கத் தோன்றவில்லை.

“நீரு இப்பம் சொல்லாதீரும். கலியாணம் ஒரு நாளு. நாங்க சமாளிச்சுக்கிடுவோம்.”

“அப்பம் வேற மாமன ஏற்பாடு பண்ணிருக்கீரா?”

“இல்ல” என்றார். சமாளிக்கிற லட்சணம்!

கோமதியக்கா மோர் கொடுத்தாள். தம்பி எப்படி இருக்கிறான், இளைத்திருக்கிறானா என்று கேட்டாள். போன வாரம் பார்த்தவள்தான். என் வாயால் கேட்க வேண்டும் போல.

புறப்படும்போது அண்ணாச்சி: “ஒம்ம மூக்குப்பொடி மாமா கதையெல்லாம் வள்ளி வாசிச்சுக் காட்டுவா. நல்லாச் சிரிப்பேன்.”

“அது யாருன்னு...”

“பொடி போடுதவன் எல்லாம் ஒரே மாதிரிதானே தம்பி” என்றார். மேல் உதட்டில் பொடி. அதற்கு மேலே கண் சிரித்ததா? தெரியவில்லை. எட்டு வருஷமாக அந்த மூக்கை எழுதியிருக்கிறேன். கண்ணை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

திரும்ப நடந்தே வந்தேன். சாரல். குடைக்கம்பி இன்னும் மாற்றவில்லை.


ஜூலை 12, திங்கள்

கோர்ட். வாய்தா. வாய்தா. வாய்தா. எனக்கும் ஒன்று கேட்கலாமென்றிருந்தது.

பத்திரிகைக்கு ஒரு கார்டு: மூக்குப்பொடி மாமா இனி வரமாட்டார், வேறு யாரையாவது எழுதுகிறேன். (யாரை? கண்ணாடியில் ஒரு வழுக்கைத் தலை தெரிகிறது. தாராளமாக எழுதலாம்.)

சாப்பிட்டுவிட்டு மலர்க் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் வந்தது. பட்டியல், நெய் ஜாடி, காப்பி, பல்வலி. அங்கே நிற்காமல் மேலே எழுதினேன்.

ஒன்று இப்போதுதான் புரிகிறது. அந்தக் கடிதம் வெறும் வேடிக்கைக்கு எழுதினது இல்லை. சலூனிலிருந்து ஓடிவந்த வெட்கம். அறையில் தினமும் எதிரே அந்தக் கிராப். காலையில் எழுந்தால் அதுதான் கண்ணில் படும், என்னை ஒன்றும் சொல்லாது, சிரித்துக்கொண்டு ‘காப்பி குடிக்கப் போவமாலே’ என்று கூப்பிடும். தாங்க முடியவில்லை. தைரியசாலியைக் கேலி செய்தால் கோழை கொஞ்சம் உயரமாகத் தெரிவான். நாலு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதைத்தான். அதை வைத்துத்தான் இதுவரை பிழைப்பு. சங்கரன் அங்கே ஆளானான். நான் எழுத்தாளன் ஆனேன். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டே நாற்பத்திரண்டு வயது வந்துவிட்டது.

ஆனால் அதற்கப்புறம் மாதாமாதம் கொழும்புக்கு எழுதின கடிதங்கள்? அவனைச் சிரிக்க வைக்க மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினது? அதுவும் நான்தானே. கணக்குத் தீர்க்க எழுதினேனா, பிரியத்தில் எழுதினேனா? இரண்டும் இருந்திருக்கும். பிரிக்கத் தெரியவில்லை.

கட்டுரை சரியாக மூன்று பக்கம். சிவகாமி படித்தாள். “இத மதராஸுக்கா அனுப்பப் போறீங்க?”

“இல்ல. குத்தாலத்துக்கு.”


ஜூலை 13, செவ்வாய்

சங்கரனைத் தென்காசிக்குக் கூப்பிட்டிருந்தேன். வள்ளிக்குச் சேலை எடுக்க. (கொடுத்தனுப்ப!) மாடசாமி வண்டியில் நானே போய் ஏற்றிக்கொண்டேன். சாரல் இல்லை, வெயிலும் இல்லை. வண்டி குற்றாலத்தைத் தாண்டினதும் மூன்று பக்கத்தையும் கையில் கொடுத்தேன்.

“காலேஜ் மலருக்கு எழுதினது. படிச்சுப் பாரு.”

கண்ணாடியை மாட்டினான். தொண்டையைக் கனைத்தான். உரக்க ஆரம்பித்தான். இவனும் அந்த வம்சம்தானே, நான் ஏன் எதிர்பார்க்கவில்லை?

நெய் ஜாடிக்குச் சிரித்தான். இங்கிலீஷ் கோபத்துக்கு மாடசாமியே சிரித்து மாட்டை நிறுத்திவிட்டான். சலூன் வந்தது. “ரெண்டு வேற வேற பல்லு! ஆமாலே, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு!” என்று என் தொடையில் அடித்தான். கண்ணில் தண்ணீர், சிரிப்பில். நான் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பக்கம்.

“...அந்தக் கடிதத்தை என் தகப்பனார் வண்டியில் உரக்கப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் சங்கரலிங்கத்தின் தகப்பனார். அத்தான் வாயே திறக்கவில்லை. திறந்தது என் பேனா...”

வாய் படித்துவிட்டது. கண் பிறகுதான் வந்து சேர்ந்தது.

மாட்டு மணி மட்டும். அதற்கு மேல் அவன் உரக்கப் படிக்கவில்லை. உதடு அசையாமல் கடைசிவரை படித்தான். அத்தானுக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும் என்பதை, தேங்காய் தட்டிக்கொண்டே அவர் சொன்னதை, எல்லாம். பக்கத்தில் ஆள் இருக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒருவன் மனசுக்குள் படித்து இன்றுதான் பார்த்தேன்.

மூன்று பக்கத்தையும் நாலாக மடித்து மடியில் செருகினான். அவன் அப்பா செய்த அதே மாதிரி.

“வண்டிய நிறுத்து.”

இறங்கினான். “சங்கரா” என்றேன். திரும்பவில்லை. குற்றாலத்தைப் பார்த்து நடந்தான். மாடசாமி வண்டியைத் திருப்பி அவனுக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டினான், நான் சொல்லாமலே. கொஞ்ச தூரத்தில் இலஞ்சிக்குப் பிரிகிற பாதை. அங்கே ஒரு நிமிஷம் நின்றான். பிறகு நேரே நடந்தான், குற்றாலத்துக்கே.

“அய்யா, அந்தக் காயிதத்துல என்ன எளுதிருந்தீய?” என்றான் மாடசாமி.

“வீட்டுக்குத் திருப்பு” என்றேன்.

சேலை எடுக்கவில்லை.


ஜூலை 14, புதன்

முகூர்த்தம் 9–10½. நானும் சிவகாமியும் எட்டுக்கே. நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

மேளம். மாப்பிள்ளை மணவறையில். வள்ளி உள்ளே தயார். அண்ணாச்சி பந்தல் வாசலில் புதுவேட்டி கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி. கோமதியக்கா ஜன்னல் வழியாக அதே ரோட்டை.

ஒன்பதரை. ஐயர்: “தாய்மாமன் எங்கே? நேரம் போறது.”

யாரோ: “அண்ணாச்சி, நம்ம சுப்பையாவ மாலை போடச் சொல்லும்.”

“வருவான்” என்றார்.

ஒன்பதே முக்கால். “மாமன் இல்லாட்டா என்ன, பொண்ணக் கூட்டிட்டு வாங்களேன்!” “ஆமா, கெடந்து காத்துக்கிட்டு!” “கொழும்புக்காரன் வந்தாச் சூரியன் மேக்க உதிக்கும்.” இதற்குச் சிலர் சிரித்தார்கள். மூன்று நாள் முன்னால் நான் சொல்லியிருக்கக்கூடிய ஹாஸ்யம். காது கூசிற்று.

“வருவான்.”

பத்து மணி. எனக்கு உண்மையாகவே ஒரு பல் வலித்தது.

முதலில் கோமதியக்காவின் சத்தம்தான் கேட்டது, ஜன்னலிலிருந்து. வார்த்தை இல்லை. எட்டிப் பார்த்தேன். சங்கரன் வருகிறான். நடந்து. பட்டு வேட்டி முழங்கால்வரை சேறு, கையில் வாழையிலைப் பொட்டலத்தில் மாலை. பின்னால் அவன் சம்சாரம் தட்டும் சேலையுமாக. எப்போது எடுத்தார்களோ.

அண்ணாச்சி எதிரில் வந்து நின்றான். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

“அத்தான்” என்றான்.

அவ்வளவுதான். மேலே வரவில்லை. அண்ணாச்சி அவன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். “நேரமாச்சு மாப்பிள. உள்ள போ. கொழந்த காத்துக்கிட்டு இருக்கா.”

மாமன் மாலை போட்டான். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். வள்ளி சிரித்தாள், மாமன் அழுதான், ஐயர் மந்திரத்தை வேகமாகச் சொன்னார்.

தாலி கட்டினதும் பார்க்கிறேன்: பந்தல் மூலையில் அண்ணாச்சி பொடிமட்டையை நீட்டுகிறார். பொடியே போட்டறியாத சங்கரன் ஒரு சிட்டிகை எடுத்தான். தும்மல், நாலு, ஐந்து. “காரப்பொடி” என்று அண்ணாச்சி கண்ணைத் துடைத்தார். அவர் இன்னும் போடவேயில்லை.

என் பக்கம் அவன் திரும்பவில்லை. பந்தியில் மேற்பார்வையாக இலை இலையாக வந்தான். என் இலைக்கு வந்ததும் பரிமாறுகிறவரிடம், “ஐயாவுக்குப் பாயசம் ஊத்துங்க” என்றான். அடுத்த இலைக்குப் போனான்.

ஐயா! இருபத்திநாலு வருஷத்தில் அவன் என்னை அப்படிச் சொன்னதில்லை. ‘ஏலே’ போய்விட்டது. திட்டியிருந்தால் பாயசம் இறங்கியிருக்கும்.

வண்டியில் சிவகாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள், பட்டப்பகலில், மாடசாமி பார்க்க. “கலியாணம் நல்லா நடந்துதுல்லா. அது போதும்னு வச்சுக்கிடுங்க.”

போதும்தான். ஆறுமுகம் அண்ணாச்சிக்கு அத்தான் பட்டம் திரும்பிற்று. எனக்குப் போனது போனதுதான். நியாயமான தீர்ப்பு. அப்பீல் இல்லை.


ஜூலை 15, வியாழன்

சாரல் பலம். கோர்ட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் மாடசாமி.

“கொழும்பு அய்யா ஒங்கள கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

“எதுக்கு?”

“சொல்லல. மொகத்துல சிரிப்பு இல்ல.”

சிவகாமி புதுவேட்டியை எடுத்துக் கொடுத்தாள். அடிபடப் போகிறவனும் சுத்தமாகப் போகட்டும் என்று போல.

பேரருவிக்கு இந்தப்பக்கம், மரத்தடியில் நாவிதர்கள் வரிசை. எல்லாரும் பலகை போட்டிருந்தார்கள். ஒருவரிடம் மட்டும் ஒரு மர நாற்காலி. சங்கரன் வீட்டு நாற்காலி. வெள்ளிக்கிழமை நான் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவன். மடியில் மூன்று பக்கம் இன்னும் துருத்திக்கொண்டிருந்தது.

வண்டியிலிருந்து இறங்கி நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“அன்னைக்கு அடுத்த முறை ஆருதுலே?”

‘லே’. அருவிச் சத்தத்திலும் கேட்டது.

“என்னுது.”

“உக்காரு.”

“கோர்ட் இருக்கு...”

“இருக்கட்டும்.”

“வியாழக்கிழமை முடியெடுக்கக் கூடாதும்பாங்க...”

“ஒனக்கு எந்தக் கிழமலே சரியா இருந்துது?”

“எந் தலைல எடுக்க என்ன இருக்கு?”

“காதுக்குக் காது கெடக்குல்லா. அது போதும்.”

நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார், “அய்யாவுக்கு எந்தக் கோயில் நேர்ச்சை?”

சங்கரன் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பல் வலிக்குதுலே” என்றேன். வேறு என்ன சொல்ல, இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

“எந்தப் பல்லு?” என்றான். குரல் சரியாக இல்லை.

நான் எந்தப் பல்லையும் காட்டவில்லை. உட்கார்ந்தேன்.